பழைய டிராக்டருக்கு லோடர்: கடன் வாங்கி மாட்டலாமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் 6 ஏக்கர் விவசாயம், 12 மாடுகள். 2005 மாடல் மாஸி 1035 டிராக்டர் இருக்கிறது, ஒற்றை கிளட்ச். எரு அள்ளவும் மண் தள்ளவும் வருஷத்துக்கு 40 மணி நேரம் ஜேசிபி கூப்பிடுகிறேன், மணிக்கு 1,300 ரூபாய். டிராக்டர் முன்னால் பக்கெட்டோடு அள்ளித் தூக்கும் லோடர் மாட்ட 2.8 லட்சம் கேட்கிறார்கள். கிசான் கார்டு பணத்தில் வாங்கி, ஓய்வு நேரத்தில் வாடகைக்கும் ஓட்டலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

ஜேசிபிக்குப் போகும் 52,000 ரூபாய் அப்படியே மிச்சமாகும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆகாது. ஜேசிபி ஒரு மணி நேரத்தில் அள்ளுவதற்கு உங்கள் வண்டிக்கு இரண்டரை மணி நேரமாவது பிடிக்கும். ஆக 100 மணி நேர ஓட்டம். மணிக்கு 3 லிட்டர் டீசல் என்றாலே 28,000 ரூபாய். மிஞ்சுவது 24,000. அதே 2.8 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு டெபாசிட்டில் போட்டால் சும்மாவே 19,600 வரும். மீதி நாலாயிரத்துச் சொச்சம் ஹோஸுக்கும் கிரீஸுக்கும் சரியாகிவிடும். குழி தோண்ட அப்போதும் ஜேசிபிதான்.

செலவும் 2.8 லட்சத்தோடு நிற்காது. பழைய மாஸியில் ஹைட்ராலிக் பம்ப் கியர்பாக்ஸ் வழியாகத்தான் சுற்றுகிறது. ஒற்றை கிளட்சை மிதித்தால் பம்பும் நின்றுவிடும். லோடர் வேலையோ முன்னும் பின்னும் போய்க்கொண்டு, கிளட்சை மிதித்தபடியே பக்கெட்டைத் தூக்குகிற வேலை. அதனால் எஞ்சினிலிருந்து நேராக ஓடும் தனி பம்ப் வேண்டும். கொட்டேஷனில் அது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் முன் அச்சு. ஈர எருவோடு திரும்பும்போது பாரமெல்லாம் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி), வீல் பேரிங், அந்தச் சின்ன முன் டயர்கள் மேல்தான். பவர் ஸ்டீயரிங் இல்லாவிட்டால் தோள்பட்டை தாங்காது. பின்னால் எடை கட்டாமல் ஓட்டினால் பின்சக்கரம் தூக்கும். இதற்கெல்லாம் இன்னொரு 40,000 ரூபாயாவது எடுத்துவையுங்கள்.

கிசான் கார்டு பணத்தை இதில் தொடவே தொடாதீர்கள். அது பயிர்க்கடன், வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால்தான் 4 சதவீதம். அறுவடையில் திரும்ப வேண்டிய பணத்தை இரும்பில் முடக்கினால் அந்தச் சலுகை போய்விடும். வாங்கியே தீருவதென்றால் தனியாகத் தவணைக் கடன் போடுங்கள்.

வாடகை யோசனையிலும் சிக்கல் உண்டு. வண்டியை மாற்றியமைப்பதை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். விவசாய உபயோகத்துக்கென்று போட்ட இன்சூரன்ஸ், வாடகை ஓட்டத்தில் விபத்து நடந்தால் கை கொடுக்காமல் போகலாம். அந்த வருமானத்துக்கு விவசாய வருமான வரிவிலக்கும் கிடையாது.

இப்போதைக்கு, அரசின் உழவன் செயலியில் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களைப் பாருங்கள். மாடு 25, 30 ஆகி, தினமும் எரு அள்ளும் நிலை வந்தால் பழைய லோடர் ஒன்றைத் தேடலாம். வாங்குமுன் பக்கெட்டைத் தூக்கி எஞ்சினை அணையுங்கள். கொஞ்ச நேரத்திலேயே தானாக இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ போய்விட்டது. மூட்டுகளில் இருக்கும் பின்னிலும் (pin) புஷ்ஷிலும் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். லோடரைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் வெல்டிங்கில் விரிசல் தேடுங்கள். சட்டம் பின் அச்சுவரை நீண்டு பிடித்திருக்க வேண்டும், கிளட்ச் ஹவுசிங்கோடு நின்றால் வேண்டாம். மாட்டிய பிறகு பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எல்லாப் பின்னுக்கும் கிரீஸ் அடியுங்கள்.