ஓவர்ஹெட் பிரஸ் பண்ணும்போது முதுகு வளையுது, இடது கை பின்தங்குது. எப்படி சரி பண்றது?

நீங்க கேட்டிருக்கிற ரெண்டுமே எனக்கு இருந்துச்சு. 40 கிலோ தலைக்கு மேல போறப்போ நெஞ்சு மேல தூக்கிட்டு இடுப்பு வளையும், இடது கை எப்பவும் லேட்டாதான் நேராகும். ஜிம் மாஸ்டர் "வயித்தை இறுக்கு, வளையாத"ன்னு சொல்லிட்டே இருப்பார், ஆனா வளையாம நின்னா பார் நெத்திக்கு முன்னாடியே நின்னுடும். தோள் குடுக்காத இடத்தை இடுப்பு குடுத்துட்டு இருந்துச்சு, அவ்வளவுதான் விஷயம். ஒலிம்பிக் பளுதூக்குதல்லயே ஆளுங்க ரொம்பப் பின்னால சாய்ஞ்சு தூக்க ஆரம்பிச்சு நடுவர்களுக்கு எது சரின்னு சொல்றதே கஷ்டமாகி, 1972க்கு அப்புறம் பிரஸ்ஸையே எடுத்துட்டாங்க.

கை முழுசா மேல போக சுமார் 180 டிகிரி வேணும். அதுல தோள் மூட்டு தர்றது 120 போல, மீதி 60 முதுகுல இருக்கிற தோள்பட்டை எலும்பு திரும்பறதால வருது. மேல்முதுகு கூன் விழுந்திருந்தா அந்த எலும்பு சரியா திரும்பாது. இப்பவே கூன் போட்டு உக்காந்து கையைத் தூக்குங்க, அப்புறம் நிமிர்ந்து தூக்குங்க, தெரியும்.

முதல்ல ஒரு டெஸ்ட். மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பைத் தரையோட ஒட்டி வச்சுட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேல கொண்டு போங்க. எனக்கு வலது தரையைத் தொட்டுச்சு, இடது நாலு விரல் உயரத்துல நின்னுடுச்சு. நிக்கிற கையை யாராவது மெதுவா அழுத்தினா இறங்குச்சுன்னா பெரும்பாலும் வலு பத்தலை, இறங்கலைன்னா இறுக்கம். எனக்கு இறங்கலை, புல்-அப், ரோன்னு இழுக்கிற பயிற்சி மட்டுமே பண்ணிட்டிருந்ததால அக்குளுக்குக் கீழ லாட்ஸ்ங்கிற முதுகுத் தசை இறுகிக் கிடந்துச்சு.

பார்ல 30 விநாடி தொங்குறது மூணு தடவை, மேல்முதுகுக்குக் கீழ ஃபோம் ரோலர் வச்சு மெதுவா பின்னால சாயறது, முட்டி போட்டு முழங்கையைப் பெஞ்ச்ல ஊனி நெஞ்சைக் கீழ இறக்கறதுன்னு ஒரு மாசம் இதை மட்டும் பண்ணினேன், ஒரு மணி நேரம் நல்லா இருக்கும் அப்புறம் பழையபடிதான், ஏன்னா புதுசா கிடைச்ச இடத்துல வலுவே இல்ல. அதனால ஸ்ட்ரெச் முடிச்சதும் முன்கையை சுவத்துல வச்சு மேல தேய்ச்சுட்டே போறது 10 ரெப்ஸ் (தடவை), உடனே ஒரு முட்டி போட்டு ஒத்தைக் கை டம்பெல் பிரஸ். இது ரொம்ப முக்கியம், இடது கைதான் முதல்ல, அது 10 கிலோல 6 ரெப்ஸ் போச்சுன்னா வலதும் 6தான், 12 போக முடிஞ்சாலும் நிறுத்தணும். எனக்கு நாலு மாசம் ஆச்சு, அதுவரைக்கும் பார்ல 20 கிலோவுக்கு மேல ஏத்தவே இல்ல.

தூக்கும்போது குத்துற வலி, மரத்துப்போறது, முன்னாடி எப்பவாவது தோள் நழுவினதுன்னு ஏதாவது இருந்தா இதெல்லாம் வேண்டாம், முதல்ல பிசியோதெரபிஸ்ட்கிட்ட காட்டிடுங்க. இல்லைன்னா இன்னிக்கே அந்த டெஸ்ட்டைப் பண்ணி எந்தக் கை எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு கமெண்ட்ல போடுங்க, அதை வச்சு எதுல ஆரம்பிக்கலாம்னு சொல்றேன்.