மீட்டர், பால்மா, நொய்யல்: சந்தை பற்றிச் சில கேள்விகள்

சந்தைப் பொருளாதாரம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னது என் தப்பு. வந்து குவிந்துவிட்டது. சிலவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மளிகைக் கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவன் நான், அந்தச் சாய்வு என் பேச்சில் இருக்கும்.

கே: சார், நாலு தூறல் விழுந்தால் போதும், ஆப்பில் ஆட்டோ கட்டணம் இரட்டிப்பாகிவிடுகிறது. இது கொள்ளை இல்லையா? (வேளச்சேரி)

எரிச்சல் எனக்கும் வரும். ஆனால் மழையில் ஆட்டோ கேட்பவர்கள் கூடுகிறார்கள், ஓட்டுபவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கட்டணத்தைக் கட்டிப்போட்டால் வண்டி மலிவாகக் கிடைக்காது, கிடைக்கவே கிடைக்காது. சென்னைக்கு இது பழைய கதைதான். 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போனது, அந்த 12 மட்டும் வருஷக்கணக்கில் நகரவில்லை. என்ன ஆயிற்று? "மீட்டருக்கு மேல போட்டுக் குடுங்க சார்." கடைசியில் ஏறும்முன் பேரம் பேசத் தெம்பு இல்லாதவர்தான் அதிகம் கொடுத்தார். ஆப்பில் தொகையாவது முன்கூட்டியே தெரிகிறது.

கே: அப்படியானால் 2015 வெள்ளத்தில் பால் பாக்கெட்டை நூறு ரூபாய்க்கு விற்றதும் நியாயம்தானா?

மடக்கிவிட்டீர்கள். விலை ஏறினால் சரக்கு வரும் என்பது, வர வழி இருந்தால்தான். சாலையே தண்ணீரில் இருக்கும்போது விலை எவ்வளவு ஏறினாலும் லாரி வராது. அப்போது விலை செய்வதெல்லாம் கையிருப்பைப் பிரிப்பதுதான். கையில் ரொக்கம் இருப்பவருக்குப் பால், இல்லாதவருக்கு இல்லை. அந்த இரண்டு மூன்று நாளைக்கு அரசும் அக்கம்பக்கமும் இலவசமாகக் கொடுத்ததுதான் சரி. ஆனால் முழங்கால் தண்ணீரில் மீன்பாடி வண்டியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் கேன் கொண்டுவந்தவர் இருபது ரூபாய் கூடுதலாகக் கேட்டால், அவரைப் பதுக்கல்காரரோடு சேர்க்காதீர்கள்.

கே: அண்ணை, 2021 கடைசியில பால்மாவுக்கும் (பால் பவுடர்) சமையல் காஸுக்கும் வரிசையில நிண்டு களைச்சுப் போனம். விலையை அரசாங்கம் கட்டுப்படுத்தினது சனத்தின்ர நன்மைக்குத்தானே? ஏன் பிழைச்சது? (யாழ்ப்பாணம்)

நோக்கம் நல்லதுதான். இறக்குமதி செலவு ஏறியபிறகும் பழைய விலைக்கே விற்கச் சொன்னால், இறக்குமதியாளர் கொண்டுவருவதைக் குறைப்பார். கடைக்காரர் தெரிந்தவருக்கு மட்டும் மேசைக்கடியில் இருந்து எடுத்துக் கொடுப்பார். பால்மாவின் விலை குறையவில்லை. அதன் ஒரு பகுதியை நீங்கள் ரூபாயில் கொடுப்பதற்குப் பதில் விடிகாலை வரிசையில் நேரமாகக் கொடுத்தீர்கள். நாட்கூலிக்குப் போகிறவருக்கு அது இரட்டை நட்டம்.

சரி, 2021 அக்டோபரில் பால்மா, காஸ், கோதுமை மா, சீமெந்து ஆகியவற்றின் கட்டுப்பாட்டை நீக்கினார்களே, பிறகும் ஏன் வரிசை? எல்லா விலைக்கும் அடியில் இருந்த விலையை விட்டுவிட்டார்கள்: டொலர். இலங்கை மத்திய வங்கி அதை 200 ரூபாய்ச் சொச்சத்தில் இறுக்கிப் பிடித்திருந்தது. வெளியே அதைவிடக் கூடக் கிடைக்கும்போது டோஹாவில் வேலை செய்யும் பிள்ளை வங்கியில் ஏன் போடப்போகிறது? வங்கியைத் தொடாத உண்டியல் (ஹவாலா) வழியில் அனுப்பியது. வெளிநாட்டில் இருப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பிய காசு 2020இல் 7 பில்லியன் டொலருக்கு மேல். 2021இல் ஏறக்குறைய 5.5 பில்லியன். கப்பலில் வந்த பெட்டிகள் டொலர் இல்லாமல் துறைமுகத்தில் கிடந்தன. 2022 மார்ச்சில் பிடியை விட்டபோது ரூபாய் ஒரேயடியாகச் சரிந்தது. முன்பே கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருந்தால் வலி இவ்வளவு இருந்திருக்காது என்பது என் எண்ணம். கடனும் வரிக்குறைப்பும் தனிக்கதை, அவற்றின் பங்கை மறுக்கவில்லை.

கே: இந்தச் சந்தைப் பேச்செல்லாம் மேல்நாட்டுச் சரக்குதானே?

1952இல் சென்னை மாநில முதலமைச்சராக வந்த கையோடு அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தவர் ராஜாஜி. 'லைசென்ஸ், பர்மிட், கோட்டா ராஜ்யம்' என்று வைததும் அவரே. 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கியதும் அதை எதிர்க்கத்தான். அவர் பிறந்த தொரப்பள்ளி மேல்நாட்டில் இல்லை.

கே: திருப்பூர்க்காரன் நான். பனியன் ஏற்றுமதியில் எங்க ஊர் சம்பாதித்தது, நொய்யல் ஆறு செத்தது. சந்தை ஏன் தடுக்கவில்லைங்க?

தடுக்காது. நூலுக்கு விலை உண்டு, சாயத்துக்கு விலை உண்டு, கூலி உண்டு. ஆற்றில் சாயக்கழிவு விடுவதற்கு மட்டும் பில் வரவில்லை. அந்தச் செலவைக் கீழே இருந்த விவசாயி கட்டினார், தென்னையாகவும் கிணறாகவும். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை நான் சந்தைக்கு எதிரானதாகப் பார்க்கவில்லை. சுத்திகரிப்புச் செலவு பனியன் விலையில் ஏறத்தான் வேண்டும். அதைச் சேர்க்காத விலை பொய் விலை.

கே: பையன் பாத்திரம் கழுவினால் காசு கொடுக்கலாமா அண்ணா? அவனுக்கும் சந்தை புரியட்டுமே.

இஸ்ரேலின் ஹைஃபாவில் சில குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையைத் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் கூடியது. 'டீச்சரைக் காக்க வைக்கிறோமே' என்ற கூச்சம் போய், 'காசு கட்டுகிறோமே' என்றாகிவிட்டது. அபராதத்தை எடுத்தபிறகும் கூச்சம் திரும்பவில்லை.

நானும் செய்து பார்த்தவன்தான். மகளுக்கு ஒரு வேளைக்குப் பத்து ரூபாய் என்று பேச்சு. இரண்டு வாரம் சட்டிபானை எல்லாம் பளபளத்தது. மூன்றாம் வாரம் ஒரு நாள், தொட்டி நிறையப் பாத்திரம் கிடக்க, "இன்னிக்கு எனக்குக் காசு வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.