ஆறு ஆண்டுகள் பிரீமியம் கட்டியும் கிளெய்ம் மறுப்பு

கேள்வி: ஆறு ஆண்டுகளாகத் தொடர்ந்து பிரீமியம் கட்டிவரும் என் அப்பா, பாலிசி எடுத்தபோது சர்க்கரை நோயை மறைத்துவிட்டதாகக் கூறி, ஆஞ்சியோபிளாஸ்டி செலவைத் தர இன்சூரன்ஸ் நிறுவனம் மறுக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், கரூர்.

பதில்: 60 மாதங்கள் இடைவிடாமல் நடப்பிலிருந்த மருத்துவக் காப்பீட்டில், மோசடி நிரூபணமானாலன்றி, தகவலை மறைத்ததாகச் சொல்லி கிளெய்மை மறுக்கக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024ஆம் ஆண்டு விதி. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பத்தாண்டுகளாகச் சர்க்கரை’ என்று டியூட்டி டாக்டர் போகிறபோக்கில் எழுதிய வரியைப் பிடித்துக்கொண்டுதான் பெரும்பாலும் மறுக்கிறார்கள் (அந்த வரியை நாம் படிப்பதே மறுப்புக் கடிதம் வந்த பிறகுதான்). முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமும் வழக்கறிஞரும் இன்றியே மனு கொடுக்கலாம்.