அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலை நினைத்து அம்மா பயப்படுகிறார். அவரை எப்படித் தயார்படுத்துவது?

உங்கள் அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது, கிரீன் கார்டு கிடைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன, குன்னூரில் தையல் ஆசிரியையாக இருந்தவர், ஆங்கிலம் புரியும் ஆனால் பேச வராது என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை முடிந்து வந்ததும் நீங்கள் அவரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பீர்கள், அவர் திணறும்போது உங்கள் குரல் உயரும் என்று ஊகிக்கிறேன். என் மகன் அப்படித்தான் செய்தான். முதலில் அதை நிறுத்துங்கள்.

நான் கோத்தகிரிப் பக்கம் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபின் மகன் வீட்டுக்குப் போனவள். 2022-இல் அந்த நேர்காணலை முடித்தவள். வழக்கறிஞர் அல்ல. சட்டச் சிக்கல் ஏதேனும் இருந்தால் அதற்குரியவர்களிடம் கேளுங்கள். இதை எழுதியதற்காக என்னிடம் சண்டைக்கு வரவேண்டாம்.

எல்லோரும் பயப்படுவது பொது அறிவுக் கேள்விகளுக்குத்தான். எனக்கு இருந்தது பழைய தேர்வு: நூறு கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து பத்து வரை கேட்பார்கள், ஆறுக்குச் சரியாகச் சொன்னால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பட்டியல் 128 கேள்விகளாகிவிட்டது. இருபது வரை கேட்பார்கள், பன்னிரண்டு சரியாக இருக்கவேண்டும். ஐம்பது வயதும் இருபதாண்டு கிரீன் கார்டும், அல்லது ஐம்பத்தைந்து வயதும் பதினைந்தாண்டு கிரீன் கார்டும் உடையவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது. அவர்கள் மொழிபெயர்ப்பாளரோடு போய்த் தமிழிலேயே பதில் சொல்லலாம். உங்கள் அம்மாவுக்கு ஆறாண்டுதான் ஆகிறது என்பதால் அந்தச் சலுகை இல்லை. ஆனாலும் வாசிக்கத் தரும் மூன்று வாக்கியங்களில் ஒன்றைச் சரியாக வாசித்தாலும், சொல்லக் கேட்டு எழுதும் மூன்றில் ஒன்றைப் புரியும்படி எழுதினாலும் அந்தப் பகுதிகள் முடிந்துவிடும். தவறிப்போனால், தவறிய பகுதியை மட்டும் அறுபது முதல் தொண்ணூறு நாட்களுக்குள் மறுபடி ஒருமுறை எழுத அழைப்பார்கள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கைக் காதால் கேட்டே மனத்தில் நிறுத்திக்கொண்ட பெண்களின் மலையில் பிறந்தவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

கவனிக்கவேண்டியது என்-400 என்னும் விண்ணப்பப் படிவத்தை. அதை நிரப்பியது நீங்களா, அம்மாவா? நீங்கள்தான் என்றால், அவர் பெயரில் நீங்கள் எழுதியிருப்பது என்ன என்பது அவருக்குத் தெரியுமா? அதிகாரி வலக்கையை உயர்த்தச் சொல்லி, உண்மையே பேசுவேன் என்று உறுதி வாங்கிக்கொண்டு, அந்தப் படிவத்தைப் பக்கம் பக்கமாக எடுத்துக் கேட்பார். படிவம் சொல்வதும் வாய் சொல்வதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பதே அவர் வேலை. பழைய பெயர்கள், முகவரிகள், ஐந்தாண்டுகளில் வெளிநாடு போய்வந்த தேதிகள் எல்லாம் அதில் உண்டு. அவற்றைத் தொடர்ந்து, எப்போதாவது இதைச் செய்திருக்கிறீர்களா, எப்போதாவது அதில் உறுப்பினராக இருந்திருக்கிறீர்களா என்று ஒரு நீண்ட வரிசை வரும். உலகில் எங்கேனும் எந்தச் சங்கத்திலாவது சேர்ந்திருந்தீர்களா என்று என் படிவத்தில் இருந்தது. ஆசிரியர் சங்கத்தை எழுதினேன், அது என்ன செய்யும் சங்கம் என்று கேட்டார், சம்பள உயர்வுக்காக ஊர்வலம் போகும் சங்கம் என்றேன், சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். சட்டம் கோரினால் நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவீர்களா என்றும் ஒரு கேள்வி உண்டு. முழங்கால் வலியோடு மூன்றாம் மாடி ஏறிப் போனவளிடம் இதைக் கேட்கிறார்களே என்று தோன்றினாலும், ஆம் என்று சொல்லிவிட்டேன்.

என்னிடம் அதிக நேரம் எடுத்துக்கொண்டது வேறொரு வரி. பிறந்த நாடு இலங்கை, குடியுரிமை இந்தியா என்று என் படிவத்தில் இருந்தது. இது எப்படி என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கான பதிலை நான் பதினொரு வயதிலேயே கேட்டு வைத்திருந்தேன். என் பாட்டனார் நாமக்கல் பக்கத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவரோடு இலங்கையின் கண்டிச் சீமைக்குப் போனவர். அப்பா அங்கேயே, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் பிறந்தவர். 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் எங்களைப் போன்ற தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாமல் போனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். இந்தியாவுக்கு மனுப்போட்டவர்களில் அப்பாவும் ஒருவர். கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்துக்கு அவர் எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போனபோது, பூர்வீக ஊர், தாலுகா, ஜில்லா, அங்கே இருக்கும் உறவினர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். தான் ஒருநாளும் கண்ணால் பார்க்காத ஊரைப் பற்றி, அங்கேயே வளர்ந்தவர்போல, தாளை எடுக்காமலேயே அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பிள்ளைகளின் பெயரையும் வயதையும் கேட்டார்கள். ஒரு தயக்கம் இல்லாமல் சொன்னார். எழுத்துக்கூட்டி மட்டும் படிக்கத் தெரிந்த மனிதர் அவர்.

இந்தக் கதையை நான் அமெரிக்க அதிகாரியிடம் நாலைந்து வாக்கியங்களில், எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஆங்கிலத்தில் சொன்னேன். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ஒருவிதமாகவும், இந்தியாவில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் வேறுவிதமாகவும், கடவுச்சீட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராகி மூன்றாம் விதமாகவும் இருந்ததால், மூன்றையும் முன்பு வழங்கிய பெயர்கள் என்ற இடத்தில் மகனைவிட்டு எழுதச் சொல்லியிருந்தேன். அது இருந்ததால் பெயரைப் பற்றி ஒரு கேள்வியோடு விட்டுவிட்டார். இனிஷியல் போட்டு வாழ்ந்த நம்மவர்கள் ஒவ்வொருவரும் இதைச் செய்யவேண்டும். உங்கள் அம்மாவின் பள்ளிச் சான்றிதழையும் திருமணப் பதிவையும் எடுத்து இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து 2020. அந்த ஆண்டு தொடக்கத்தில் தம்பியைப் பார்க்கக் கோத்தகிரி வந்தேன்; மார்ச்சில் பன்னாட்டு விமானங்கள் நின்றுபோயின. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், அமெரிக்காவில் தொடர்ந்து குடியிருக்கவில்லை என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். அது அப்படியல்ல என்று காட்டவேண்டியது நம் பொறுப்பு. ஓராண்டுக்கு மேலானால் தொடர்ச்சி அறுந்தே போகும். நான் ஆறு மாதம் தாண்டி, ஓராண்டு ஆகுமுன் திரும்பினேன். கோடையிலேயே சில விமானங்கள் ஓடினவே, அப்போது ஏன் வரவில்லை என்று அதிகாரி கேட்டார். மாவட்டம் விட்டு மாவட்டம் போகவே இ-பாஸ் வேண்டியிருந்த காலம், அறுபது கடந்தவள், நோய்க்குப் பயந்தேன் என்று உள்ளதைச் சொன்னேன். ரத்தான டிக்கெட், அந்த ஆண்டுக்கும் தாக்கல் செய்த வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, மகன் வீட்டு முகவரிக்கு வந்த காப்பீட்டுக் கடிதங்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்திருந்தேன். வாங்கிப் புரட்டிவிட்டு, சரி என்றார். உங்கள் அம்மாவும் குன்னூர் வந்தால் சீக்கிரம் திரும்ப மனம் வராதவராகத்தான் இருப்பார். ஐந்தாண்டுகளில் முப்பது மாதங்களாவது அமெரிக்காவில் உடலால் இருந்திருக்கவேண்டும் என்பதையும் தேதிகளை வைத்துக் கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேள்விகளெல்லாம் இவ்வளவுதான். எந்த இடத்திலும் அந்த அதிகாரி என்னை அவமதிக்கவில்லை. இதைச் சொன்னால் வெளிநாட்டுப் பெருமை பேசுகிறேன் என்பார்கள். எல்லோருக்கும் அப்படிப்பட்டவரே வாய்ப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் வாழ்வில் குடியுரிமை பற்றிய விசாரணைகளில் மிகக் கடுமையானது கண்டியிலும் நடக்கவில்லை, அமெரிக்காவிலும் நடக்கவில்லை. இந்தியர் என்று முத்திரை குத்தி எங்களை அழைத்துவந்த பிறகு, இந்த மலையில் ஓர் அலுவலகத்தின் மேசை முன்னால்தான் நடந்தது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, தாயகம் திரும்பியோருக்கென்று அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்ட வேலைக்கு அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆசிரியர் பயிற்சியில் சேர எனக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர், “நீங்க சிலோன்காரங்க, உங்க சாதி எங்களுக்கு எப்படித் தெரியும்? சொந்த ஊருக்குப் போய் எழுதி வாங்கிட்டு வாங்க” என்றார். அப்பா இந்தியக் கடவுச்சீட்டைக் காட்டினார். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கூலியை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர், சேலம் என்று பேருந்து மாறி அந்த நாமக்கல் பக்கத்து ஊருக்கு அப்பா போனார். கண்டியில் தலைகீழாக ஒப்பித்த ஊரை அவர் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். கண்டிக்குப் போன குடும்பம் என்று நினைவு வைத்திருந்த ஒரு முதியவர் கிராமச் சாவடியில் சாட்சி சொன்னதால் காகிதம் கிடைத்தது. இன்றும் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் பேரப்பிள்ளைகளின் காலம் வந்தபின்னும் “சிலோன்காரர்” என்ற அடைமொழி போகவில்லை என்பதை இங்குள்ளவர்கள் அறிவார்கள்.

ஆகவே, நாட்டுப்பற்று இல்லாதவள் என்று என்னை எழுத நினைப்பவர்கள் இதையும் சேர்த்து எழுதட்டும். என் தம்பியே கேட்டான்: “ஏன்க்கா, அப்பா அவ்வளவு பாடுபட்டு வாங்கினத, நீ ஒரு கையெழுத்துல விட்டுட்டு வந்துட்டியே?” அவனுக்கு நான் சொன்ன பதிலே உங்களுக்கும் பயன்படும். கிரீன் கார்டு இருந்தவரை கோத்தகிரிக்கு வந்தால் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஐந்தாம் மாதம் பிறந்ததுமே மகன் டிக்கெட் போடுவான். குடியுரிமை வாங்கி, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டையும் எடுத்தபின், நான் விரும்பும்வரை இங்கே இருக்கலாம், விரும்பியபோது பேத்தியைப் போய்ப் பார்க்கலாம். அமெரிக்கக் குடிமகளான பிறகுதான் கோத்தகிரியில் நான் ஒரு முழு ஆண்டு இருந்தேன். உங்கள் அம்மாவின் பயம் உண்மையில் நேர்காணலைப் பற்றியதா, இனி ஊருக்குப் போகமுடியாதோ என்பதைப் பற்றியதா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது என்றால் எந்தக் கேள்விப் பட்டியலும் உதவாது. இந்த விவரத்தைச் சொன்னால்தான் தெளிவார்.

இழப்புகளையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, ஓ.சி.ஐ. என்பது குடியுரிமை அல்ல. ஓட்டு போய்விடும். புதிதாக விவசாய நிலமோ தேயிலைத் தோட்டமோ வாங்கமுடியாது. இந்தியக் குடிமகளாக இருந்தபோது வாங்கியதை வைத்துக்கொள்ளலாம். தம்பியோடு பங்காக நான் வாங்கிய அரை ஏக்கர் தேயிலை அப்படித்தான் இருக்கிறது, பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் அதை வைத்திருப்பது லாபமா என்பது வேறு கதை. உங்கள் அம்மா பெயரில் நிலம் வாங்கும் எண்ணம் இருந்தால் முன்னதாக முடித்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் தேறியதும் எல்லாம் முடிந்ததாக நினைத்துவிடவேண்டாம். உறுதிமொழி எடுக்கும் நாளில்தான் அவர் குடிமகளாகிறார். அன்றைக்குக் கிரீன் கார்டை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதன்பின் இந்தியக் கடவுச்சீட்டில் பயணம் செய்யக்கூடாது, அதை ஒப்படைத்துச் சான்று பெறவேண்டும். அமெரிக்கக் கடவுச்சீட்டு வந்து, அதைக்கொண்டு ஓ.சி.ஐ.க்கு விண்ணப்பித்து, அதுவும் கைக்கு வரும்வரை சில மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் ஊரில் கல்யாணமோ திருவிழாவோ வருகிறதா என்று குன்னூரில் விசாரித்துவிட்டு, அதற்கு ஏற்ப எப்போது விண்ணப்பிப்பது என்று முடிவு செய்யுங்கள்.