ரோஸ் கலர் கேட்டது யார்?

அன்புள்ள ஐயா,
நான் மெல்பர்னில் இருக்கிறேன். நாங்கள் பஞ்சுமிட்டாய் என்பதை என் மகள் ஃபேரி ஃப்ளாஸ் என்கிறாள். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா தும்பு முட்டாஸ் என்கிறார். மிட்டாய் என்பதே வடக்கிலிருந்து வந்த சொல்தானே? சரியான தமிழ்ப் பெயர் எது? டிசம்பரில் ஊருக்கு வருகிறோம். அங்கே இதைத் தடை செய்தது நிம்மதி. குழந்தைகளுக்கு விஷம் விற்கும் அந்த வடநாட்டுப் பையன்களை உள்ளே தள்ள வேண்டும்.
– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பெயரும் சரிதான். மகளைத் திருத்த வேண்டாம். 1897இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் வில்லியம் மாரிசன் என்ற பல் மருத்துவரும் ஜான் வார்ட்டன் என்ற மிட்டாய்க்காரரும் சேர்ந்து இதற்கு இயந்திரம் செய்தார்கள். 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் ஃபேரி ஃப்ளாஸ் என்றுதான் விற்றார்கள். பெட்டி 25 சென்ட். 68,655 பெட்டிகள் போயின. அமெரிக்கர்கள் பிறகு பெயரை மாற்றிக்கொண்டார்கள், ஆஸ்திரேலியர்கள் விடவில்லை. இந்தியில் இது கிழவியின் முடி, பிரெஞ்சில் அப்பாவின் தாடி. தென்னந்தும்பு திரித்த ஊர்க்காரர்களுக்குத் தும்பு முட்டாஸ். என்ன அழகான பெயர்! கடலைமிட்டாயும் தேன்மிட்டாயும் தின்று வளர்ந்தவர்களுக்கு மிட்டாய் நம் சொல்தான். அதை விடுங்கள்.

உங்கள் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். தடை வந்த நாளிலிருந்து மனதில் கிடக்கிற விஷயம் அது. துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றுகிற ரோடமின்-பி சாயம் கலந்திருப்பது ஆய்வில் தெரிந்ததும், 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடும் அப்படிப்பட்ட பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டன. போட வேண்டியதுதான். ஆனால் உள்ளே தள்ள உங்களுக்கு அந்தப் பையன்தானா கிடைத்தான்?

சின்ன வயதில் திருவாரூர்த் தேருக்குப் போயிருந்தோம். ஒருவர் காலால் மிதிக்கிற மிஷின் வைத்திருந்தார். நடுக் கிண்ணத்தில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டு மிதித்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் சர்க்கரை உருகி, சுற்றுகிற வேகத்தில் பொடி ஓட்டைகள் வழியே சிதறி, காற்றுப் பட்டதும் இழையாக இறுகித் தகர வட்டையின் ஓரமெல்லாம் படர்ந்தது. குச்சியைச் சுழற்றி அள்ளினார். சுத்த வெள்ளை. கூட வந்த அத்தை, "ரோஸ் கலர் இல்லையா? இது நல்லாவே இருக்காது" என்று எங்களை அடுத்த கடைக்கு இழுத்துப் போய்விட்டார். அங்கேதான் கூட்டம். சாயங்காலம் திரும்பி வரும்போது அந்த மனிதர் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, சர்க்கரையில் ஒரு சிட்டிகை சிவப்புப் பொடியைக் கலந்துகொண்டிருந்தார். அவர் கடையையும் ஜனங்கள் மொய்த்தார்கள். அது என்ன பொடி என்று ஒருவரும் கேட்கவில்லை.

சர்க்கரை வெள்ளை, அதில் இழுத்த பஞ்சும் வெள்ளை. கலரால் ருசி ஒரு துளியும் கூடிவிடாது. சட்டம் அனுமதிக்கிற சிவப்புகள் இருக்கின்றன, கார்மோய்சின், எரித்ரோசின் என்று. அவற்றுக்கும் அளவு உண்டு. ரோடமின் ஒரு சிட்டிகையிலேயே பளீரென்று எரிகிற நிறம். பத்துப் பை தொங்கினால் இருப்பதிலேயே பளீரென்ற பையைத்தானே நாம் கைகாட்டுகிறோம்? கழியைத் தோளில் சாத்தி வெயிலில் நடக்கிறவன் எந்த ஆய்வகத்துக்குப் போய் அந்தப் பொடியைச் சோதிப்பான்? அதை அவனுக்கு விற்றவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. வடநாட்டுப் பையன் என்பது மட்டும் மறக்காமல் வந்திருக்கிறது. அம்மா, நீங்களும் வேறு தேசத்துக்குப் பிழைக்கப் போனவர்தானே? இப்படி எழுதலாமா?

டிசம்பரில் வரும்போது குழந்தையைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள். வெள்ளைப் பஞ்சுமிட்டாய் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், நாளைக்குக் கலர் போடாமல் கொண்டுவா தம்பி, நாலு பை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுநாள் போய் வாங்குங்கள்.

அன்புடன்.