கோலோரிட்சே குடாவில் ஒரு நாள்: 250 யூரோ போதுமா?

கேள்வி: செப்டம்பரில் நான், மனைவி, 16 வயது மகள் மூவரும் கோவையிலிருந்து இத்தாலியின் சார்டினியா தீவுக்குப் போகிறோம். கார் வாடகைக்கு எடுத்து, சாந்தா மரியா நவர்ரேசேயில் தங்குகிறோம். காலா கோலோரிட்சே குடாவுக்கு ஒரு நாள் ஒதுக்கி, அதற்கு 250 யூரோ வைத்திருக்கிறேன். போதுமா? படகில் போவதா, நடப்பதா? ஃபாரெக்ஸ் கார்டு (முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றி வைக்கும் கார்டு) எடுக்கலாமா, கிரெடிட் கார்டே போதுமா?

பதில்: போதும், நடந்து இறங்கினால். படகு என்றால் போதாது. அதற்கும் மேல், படகில் போனால் நீங்கள் கேட்ட இடத்தில் காலே வைக்க முடியாது. 1962-ல் மலை சரிந்து உருவான இந்தக் குடா பாதுகாக்கப்பட்ட இயற்கைச் சின்னம். படகுகள் கரைக்கு வர அனுமதியில்லை. தள்ளி நின்று பார்க்கலாம், இல்லையென்றால் நீந்தி வர வேண்டும்.

யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நடைக் கணக்கு இப்படி வரும். நுழைவுக் கட்டணம் அண்மை ஆண்டுகளில் தலைக்கு 7 யூரோ, மூவருக்கு 21. கார் வாடகையில் ஒரு நாள் பங்கு 60, பெட்ரோல் 15, பார்க்கிங்குக்கு 10, பகல் உணவும் தண்ணீரும் 30, இரவு உணவு 75 என்று ஒதுக்குங்கள். மொத்தம் 211, கையில் 39 மிஞ்சும். கட்டணங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், பதிவு செய்யும்போது சரிபாருங்கள். குழுவாகப் போகும் படகுச் சுற்றுக்குத் தலைக்கு 55 வைத்தாலே 165. அன்று கார் சும்மா நின்றாலும் வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதையும் இரண்டு வேளைச் சாப்பாட்டையும் சேர்த்தால் 330 ஆகிவிடும். முழங்கால் வலி உள்ளவர் யாராவது கூட வந்தால் படகுதான் சரி. ஆனால் அப்போது கரையில் இறங்க விடும் காலா லூனா மாதிரி வேறு குடாவுக்குக் கொடுங்கள் அந்தப் பணத்தை.

நுழைவு முன்பதிவில்தான், ‘ஹார்ட் ஆஃப் சார்டினியா’ செயலி வழியாக. ஒரு நாளைக்கு 250 பேருக்குத்தான் இடம். அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். பலர் சறுக்குவது இங்கே ஒரு சின்ன விஷயத்தில்: பணம் கட்டும்போது ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்கு வரும். கிளம்பும் முன்பே ரோமிங்கைத் திறந்து வையுங்கள். வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் ‘ஆன்’ செய்யுங்கள். அது அணைந்திருந்தால் கார்டில் எவ்வளவு வரம்பு இருந்தும் பயனில்லை.

இரண்டு கார்டும் வேண்டும், வேலை வேறு வேறு. பல கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% மார்க்கப் (வங்கி கூடுதலாகப் பிடிக்கும் கட்டணம்), அதன் மேல் 18% ஜிஎஸ்டி, கூட்டினால் 4.13%. 250 யூரோவுக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். மார்க்கப் இல்லாத கார்டு இருந்தால் நல்லது, இல்லையென்றால் அன்றாடச் செலவு யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் போகட்டும். ஆனால் கார் எடுக்கும்போது டெபாசிட்டை ஓட்டுநர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில்தான் பிளாக் செய்வார்கள், அதாவது அந்தத் தொகையை எடுக்காமல் முடக்கி வைப்பார்கள். ஃபாரெக்ஸ் கார்டைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. 2 லட்சம் வரம்புள்ள கார்டில் 1,200 யூரோ பிளாக் ஆனால் மிச்சம் 80,000 ரூபாய்தான். காரைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அது விடுபட நாளாகலாம். ஆளில்லாத பெட்ரோல் பங்க்கிலும் இதே கதை: 15 யூரோவுக்குப் போட்டாலும் 100 யூரோ அளவுக்குப் பிளாக் ஆகக்கூடும். அங்கே ஃபாரெக்ஸ் கார்டை நீட்டினால் இரவு உணவுக்கான காசு மாட்டிக்கொள்ளும். ஆள் ஊற்றும் பங்க்கில் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல்தான், பரவாயில்லை.

கடையில் மெஷின் ‘ரூபாயா, யூரோவா’ என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அந்தக் கடைக்காரர் பக்கம் முடிவு செய்யும். சில இந்திய வங்கிகள் அதற்கும் தனிக் கட்டணம் பிடிக்கும். ரொக்கமாக 60 யூரோ, சில்லறையோடு. கிரெடிட் கார்டில் ஏடிஎம் பக்கம் போகாதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்தாகிவிட்டதா? ஆர்டிஓ-வில் 1,000 ரூபாய்க் கட்டணம், ஓராண்டு செல்லும். அது இல்லையென்றால் கவுன்டரில் காரைத் தர மறுக்கலாம், கட்டிய வாடகையும் திரும்பி வராமல் போகலாம். விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு மருத்துவச் செலவுக்கானது. கார் கீறலுக்கு அல்ல. அந்தப் பாலிசியில் மலைநடை விலக்கப்பட்டிருக்கிறதா என்றும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

பௌனெய் ஊருக்கு மேலே கோல்கோ பீடபூமியில் காரை நிறுத்திவிட்டு, அங்கிருந்து நடந்து இறங்க வேண்டும். ஒரு வழி சுமார் 3.5 கிலோமீட்டர், இறக்கம் 450 மீட்டருக்கு மேல். இறங்க ஒரு மணி நேரம், ஏற ஒன்றரை முதல் இரண்டு. கீழே கடையோ குடிநீரோ கிடையாது. ஆளுக்கு 2 லிட்டராவது சுமந்து போங்கள். முதல் நாள் மாலையே வாங்கி வையுங்கள், ஏனென்றால் சிற்றூர்க் கடைகள் மதியம் மூடிவிடும். மூடிய ஷூ கட்டாயம், செருப்பு உதவாது. கிழக்குக் கரை என்பதால் பிற்பகலில் பாறை நிழல் கடற்கரையை மூடிவிடும். 8 மணிக்கு நடக்கத் தொடங்கினால் வெயிலும் நீல நிறமும் முழுதாகக் கிடைக்கும்.

இரவு பில்லில் ‘கோபெர்த்தோ’ என்று தலைக்கு 2, 3 யூரோ இருந்தால் பதறாதீர்கள். அது இருக்கைக் கட்டணம், மெனுவில் போட்டிருக்கும். சைவமென்றால் உருளைக்கிழங்கும் புதினாவும் ஆட்டுப்பால் சீஸும் வைத்த குலுர்ஜோனெஸ் கேளுங்கள், அந்தப் பகுதியின் சொந்தப் பண்டம்.

மகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: அங்குள்ள வெள்ளைக் கூழாங்கல் ஒன்றைக்கூடப் பையில் போடக் கூடாது. சார்டினியச் சட்டப்படி கடற்கரை மணல், கல், சிப்பி எடுத்தால் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம்.