பேசுவதற்கு எதற்குக் கட்டணம்? – ஒரு தந்தையின் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். என் பெயர் வேண்டாம். எனக்கு ஒரே மகள், வயது 27. ஓசூரில் தங்கிக்கொண்டு பெங்களூரில் வேலைக்குப் போகிறாள். தூக்கம் வருவதில்லை, காரணம் இல்லாமல் அழுகை வருகிறது என்றாள். டாக்டரிடம் காட்டினோம். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டாள். போன ஆடியிலிருந்து பெங்களூரில் ஒரு சிகிச்சையாளரிடம் வாரம் ஒருநாள் போய்வருகிறாள். அந்த அம்மா மருந்து எதுவும் தருவதில்லை. பேச்சுதான் வைத்தியம், பேசுவதும் என் மகள்தானாம். அவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டு இருப்பாராம். கனவு வந்தால் அதையும் சொல்ல வேண்டுமாம். கட்டணத்தில் பாதி நான் தருகிறேன். விலை இறங்கிய நாளில் அது பத்துப் பெட்டித் தக்காளியின் காசு.

சித்திரையில் அந்த அம்மா இரண்டு வாரம் விடுமுறையில் போனார். அந்த இரண்டு வாரமும் இவள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் தன் அம்மாவிடம் எரிந்து விழுந்தாள். அவர் திரும்பி வந்ததும் "நான் போகலை" என்று உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் போனாள். இது ஏதோ வசியம் என்று என் மனைவி பயப்படுகிறாள்.

போன மாதம் பேச்சுவாக்கில், "அங்க நான் அதிகமா உங்களப் பத்திதாம்ப்பா பேசறேன்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. நான் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை. கேட்டதைப் படிக்க வைத்தேன். வீட்டில் பேச ஆள் இல்லையா சார்? வெள்ளைக்காரன் கண்டுபிடித்த முறை நம் குடும்பத்துக்கு ஒத்துவருமா? நான் போய் அந்த அம்மாவைப் பார்த்து, என் பக்கத்தையும் சொல்லி, இவளுக்கு நல்ல புத்தி சொல்லச் சொல்லலாமா? வரன் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது?

– பாலக்கோட்டிலிருந்து ஒரு தந்தை

அன்புள்ள ஐயா,

ஓசூருக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய வீடுகள் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிறைய. அந்த வீடுகளில் இந்தச் சிகிச்சையின் பெயர் இப்போது காதில் விழத் தொடங்கியிருக்கிறது. அது என்ன செய்கிறது என்று பெற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மகள் போவது உளப்பகுப்பாய்வு (சைக்கோஅனாலிசிஸ்) வழியில் வந்த சிகிச்சை என்று விவரங்களிலிருந்து தெரிகிறது. கவுன்சிலிங் என்று நாம் சொல்வதில் பிரச்சினையைக் கேட்டுவிட்டு ஒரு வழி சொல்வார்கள். இங்கே சிகிச்சையாளர் வேண்டுமென்றேதான் வழி சொல்லாமல் இருக்கிறார். வருகிறவருக்கு ஒரே விதி. மனதில் எது வந்தாலும் சொல்ல வேண்டும், அற்பமாகப் பட்டாலும், வெட்கமாக இருந்தாலும், எதிரே இருப்பவர் மேலேயே கோபம் என்றாலும். கேட்க எளிதாக இருக்கும். முயன்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் நாக்கு தயங்கும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று ஒரு பேச்சை வெட்டிவிட்டு வேறொன்றுக்குத் தாவுவோம். அந்த இடத்தில்தான் சிகிச்சையாளரின் காது கூர்மையாகும். கனவைக் கேட்பதும் இதற்காகத்தான். கனவுக்குப் பலன் சொல்வதில்லை. கனவில் வந்த கிணறோ, பழைய வீடோ அவளுக்கு எதை எதை நினைவுபடுத்துகிறது என்று அவளையே பேசவிடுகிறார்கள். நடுவில் அவர் அறிவுரை சொல்லிவிட்டால் உங்கள் மகள் தலையாட்டத் தொடங்கிவிடுவாள். நல்ல பிள்ளையாக வளர்ந்த பெண்களுக்குத் தலையாட்டுவது பழகிய வேலை. அப்புறம் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும்.

இந்த வைத்தியத்தின் தொடக்கத்திலேயே ஒரு தந்தையும் மகளும் இருக்கிறார்கள். ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1880-இல் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற 21 வயதுப் பெண், நோயில் படுத்த அப்பாவை இரவெல்லாம் கண் விழித்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவளுக்கே கை செயலிழந்தது, பார்வை குழம்பியது, தாய்மொழியான ஜெர்மன் வாயில் வராமல் ஆங்கிலம் மட்டும் வந்தது. யோசஃப் பிராயர் என்ற மருத்துவர் தினமும் போய் அவள் பேசுவதைக் கேட்டார். ஒரு கட்டத்தில் தாகம் இருந்தும் அவளால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. வாரக்கணக்கில் பழத்தைத் தின்று தாகம் தணித்தாள். ஒருநாள் அரைமயக்க நிலையில், தன்னோடு வீட்டில் இருந்த பெண்மணியின் நாய் டம்ளரில் நக்கிக் குடித்ததைப் பார்த்ததாகவும், மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டதாகவும் அருவருப்போடு சொன்னாள். சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டுக் குடித்தாள் என்று பிராயர் எழுதியிருக்கிறார். இதற்குப் 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் வைத்ததும் அவள்தான். பிராயரும், பின்னாளில் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டும் 1895-இல் இதை வெளியிட்டார்கள். அதோடு அவள் முழுக்கக் குணமாகிவிடவில்லை, பிறகும் மருத்துவ விடுதிகளில் இருந்தாள். ஆனால் பின்னாளில் ஜெர்மனியில் பெண்களுக்காகப் பெரிய வேலைகள் செய்தாள்.

அந்த வீட்டிலும் பேச ஆள் இருந்தது. சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். "சின்ன வயசுல நீங்க எப்ப வருவீங்கன்னு வாசல்லயே உக்காந்திருப்பேன்" என்று உங்கள் மகள் உங்களிடம் சொன்னால் என்ன நடக்கும்? "உனக்காகத்தானே மண்டிக்கு ஓடினேன்" என்பீர்கள். அது உண்மை. விடியும் முன் சரக்கு இறங்கும், விவசாயிக்குப் பணம் பட்டுவாடா செய்ய வேண்டும், லாரி ஏற்ற வேண்டும். நீங்கள் சொல்வது உண்மையாக இருப்பதால்தான் அவளால் மேலே பேச முடியாது. உங்கள் முகம் வாடியதைப் பார்த்து, "சும்மா சொன்னேன்ப்பா" என்று எழுந்துவிடுவாள். வீட்டில் யாரிடம் பேசினாலும் அவருக்கு வலிக்குமே என்று பார்த்துத்தான் பேச வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு கேட்கிறவரின் மனதை அவள் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. கட்டணத்தின் வேலைகளில் இதுவும் ஒன்று.

அடுத்து அந்த இரண்டு வார விடுமுறை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தப் பகுதிதான். வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரமோ ஐம்பது நிமிடமோ பார்க்கிற ஒருவர் ஊருக்குப் போனதற்கு 27 வயதுப் பெண் சோறு இறங்காமல் இருக்கிறாள். அவர் திரும்பி வந்ததும் போகமாட்டேன் என்று முறுக்கிக்கொள்கிறாள். அவ்வளவு கோபம் அந்த அம்மாவின் மேல் மட்டும் இருக்க முடியாது. முன்பு எப்போதோ, யாருக்காகவோ காத்திருந்த குழந்தையின் கோபம் இப்போது இவர் மேல் வந்து இறங்கியிருக்கலாம். அது யார், எப்போது என்பதை நான் ஊகித்துச் சொல்லக்கூடாது. அவர்கள் இருவரும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டியது அது.

இதை டிரான்ஸ்ஃபரன்ஸ் என்கிறார்கள். நம் வாழ்க்கையின் முதல் மனிதர்களிடம் கற்றுக்கொண்ட பாசம், பயம், ஏமாற்றம் எல்லாவற்றையும் பின்னால் வருகிறவர்களிடமும் எடுத்துப் போகிறோம். மேலதிகாரியிடம், கணவனிடம், மாமியாரிடம் அதே நாடகத்தை நமக்குத் தெரியாமலேயே மறுபடி போடுகிறோம். நினைவில் வராததைச் செய்து காட்டுகிறோம் என்று ஃப்ராய்ட் 1914-இல் எழுதினார். வாழ்க்கையில் அப்படிச் செய்து காட்டும்போது எதிரில் இருப்பவரும் பதிலுக்குக் கோபப்படுவார், அல்லது விலகிப்போவார். பழையபடியே முடியும். சிகிச்சை அறையில் எதிரில் இருப்பவர் கோபப்படுவதில்லை, விலகிப்போவதும் இல்லை. "நான் இல்லாத இரண்டு வாரம் எப்படி இருந்தது?" என்று கேட்பார். அவள் "ஒன்றும் இல்லை" என்பாள். இன்னொரு நாள் அழுவாள். பிறகு ஒருநாள் திட்டுவாள். திட்டிய பிறகும் அடுத்த வாரம் அதே நேரத்துக்கு அதே நாற்காலியில் அவர் இருப்பார். இது மனதில் தைக்க ஒருமுறை நடந்தால் போதாது, பலமுறை நடக்க வேண்டும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆவது இதனால்தான். நேரம், கிழமை, கட்டணம் எல்லாவற்றிலும் அவர்கள் கறாராக இருப்பதும் இதற்காகத்தான். அந்த ஒழுங்கு இருந்தால்தான் சின்ன மாற்றமும் கண்ணில் படும்.

வசியம் என்று உங்கள் வீட்டம்மா பயப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்தப் பிடிப்புக்குப் பெரிய பலம் உண்டு, கெட்டவர் கையில் அது கெடுதலாகும். அதனால்தான் முறையான உளப்பகுப்பாய்வுப் பயிற்சியில், பயிற்சி பெறுகிறவர் தானும் இன்னொருவரிடம் இதே சிகிச்சையை எடுத்திருக்க வேண்டும் என்பது விதி. வசியம் செய்கிறவர் பிடிப்பை மறைத்து வைத்துப் பயன்படுத்திக்கொள்வார். நல்ல சிகிச்சையாளர் அதைப் பேச்சுக்கு இழுத்து, அவளே பார்க்கும்படி செய்வார். சிகிச்சைக்கு வெளியே நட்பு, கடன், தொழில், உடல் தொடர்பு என்று எது தொடங்கினாலும் அந்த இடத்தை விட்டு உடனே வெளியேற வேண்டும். இதை உங்கள் மகளிடம் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

நேரில் போய் நல்ல புத்தி சொல்லச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் ஐயா. 1900-இல் வியன்னாவில் ஒரு தொழிலதிபர் 18 வயது மகளை ஃப்ராய்டிடம் கூட்டிவந்து இதையேதான் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு டோரா என்று ஃப்ராய்ட் பெயர் மாற்றி எழுதியிருக்கிறார். அப்பாவின் நண்பர் ஒருவர் அவளிடம் தவறாக நடந்துகொண்டார். அவள் வீட்டில் சொன்னாள். அப்பா நண்பரின் பேச்சை நம்பி, மகள் கற்பனை செய்கிறாள் என்றார். நண்பரின் மனைவியோடு அப்பாவுக்கே தொடர்பு இருந்தது. ஃப்ராய்ட் அவள் சொன்னதை நம்பினார். ஆனால் அந்த ஆளை நீ உள்ளுக்குள் விரும்புகிறாய் என்று விடாமல் விளக்கம் சொன்னார். வீட்டில் ஒருவர் அவள் பேச்சைத் தள்ளினார், இங்கே இன்னொருவர் தன் பேச்சை அவள் மேல் ஏற்றினார் என்றுதான் எனக்குப் படுகிறது. பதினோரு வாரத்தில், டிசம்பர் 31 அன்று அவள் நிறுத்திவிட்டுப் போனாள். டிரான்ஸ்ஃபரன்ஸை உரிய நேரத்தில் தான் கவனிக்கவில்லை என்று ஃப்ராய்டே 1905-இல் வெளியிட்டார். இந்தச் சிகிச்சை தன் முக்கியமான பாடத்தைக் கற்றது, பாதியில் எழுந்து போன அந்தப் பெண்ணிடம்தான்.

உங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த அறையில் உங்கள் குரலும் நுழைந்துவிட்டால் அவளுக்கு அந்த இடம் இல்லாமல் போய்விடும் என்பதைத்தான் சொல்கிறேன். நீங்கள் போனாலும் அவர் எதையும் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் உரிமையாகவே வைத்திருக்கிறது.

உங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறாள் என்பது உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. அங்கே பேச்சில் வருகிற அப்பா, இன்று மண்டியில் கணக்குப் பார்க்கிற நீங்கள் மட்டும் இல்லை. நான்கு வயதில் அவள் அண்ணாந்து பார்த்த அப்பா, பத்து வயதில் காத்திருந்த அப்பா, பயந்த அப்பா, பெருமைப்பட்ட அப்பா எல்லாரும் அதில் இருக்கிறார்கள். அடிக்காத அப்பா மேலும் பிள்ளைக்குக் கோபம் இருக்கும். அடிக்காத, படிக்க வைத்த அப்பா மேல் வரும் கோபத்தை எங்கே சொல்வது என்று தெரியாமல், தன்னையே நன்றி கெட்டவள் என்று திட்டிக்கொள்ளும் பெண்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். காரணம் இல்லாத அழுகை என்று எழுதினீர்களே, காரணத்தைச் சொல்ல உரிமை இல்லை என்று நினைக்கிறவர்களுக்கும் அப்படி அழுகை வரும். கோபத்தைச் சொல்லி முடித்தவர்களுக்குப் பெற்றவர்களோடு உறவு இலகுவாவதை நான் பார்த்திருக்கிறேன். நடுவில் கொஞ்ச காலம் கடுமையாகப் பேசுவார்கள். அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வெள்ளைக்காரன் முறை என்கிறீர்கள். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் 1922-லேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். ஃப்ராய்டோடு ஆண்டுக்கணக்கில் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். தன் இந்திய நோயாளிகளிடம் பார்ப்பது ஐரோப்பாவில் சொல்வதிலிருந்து வேறுபடுகிறது என்று அவருக்கே எழுதினார். கூட்டுக்குடும்பத்தில் பாட்டியும் சித்தியும் மாமாவும் சேர்ந்து வளர்த்த பிள்ளையின் மனதை, அப்பா அம்மா குழந்தை என்ற மூவரை மட்டும் வைத்து அளந்தால் தப்பாகத்தான் போகும். ஃப்ராய்ட் சொன்ன எல்லாவற்றையும் இன்றைய சிகிச்சையாளர்களும் ஏற்பதில்லை, குறிப்பாகப் பெண்களைப் பற்றி அவர் சொன்னவற்றை. ஆனால் சொல்லாமல் விழுங்கியது உடம்பில் வந்து நிற்கும் என்பதை பாலக்கோட்டுக்கு யாரும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

பலன் உண்டா? ஜோனத்தன் ஷெட்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2010-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி, இவ்வகைச் சிகிச்சையின் பலன் மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததில்லை, முடிந்த பிறகும் முன்னேற்றம் தொடர்கிறது என்று எழுதினார். எல்லா நோய்க்கும் இது போதாது. யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, பல நாள் தூங்காமல் கட்டுக்கடங்காமல் போவது, சாக வேண்டும் என்ற பேச்சு, இவற்றில் எது தெரிந்தாலும் முதலில் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். மாத்திரையும் பேச்சும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை, இரண்டும் சேர்ந்து தேவைப்படுகிறவர்கள் உண்டு.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் இருக்கிறது. உங்கள் மகளுக்குப் பெங்களூர் பக்கம், சம்பளமும் இருக்கிறது. பென்னாகரத்திலும் அரூரிலும் கணவன் பெங்களூர்க் கட்டட வேலைக்குப் போய்விட, பிள்ளைகளோடு தனியாக இருந்து நெஞ்சு அடைக்கிறது, கை மரக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்ணுக்கு இப்படி வாராவாரம் உட்கார்ந்து கேட்க ஆள் கிடைப்பது அரிது. நீண்ட வரிசையில் டாக்டருக்கும் நேரம் கிடைப்பதில்லை. சத்து ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அவளுக்கும் இது கிடைக்க வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் ஊருக்கு வரும்போது "இந்த வாரம் என்ன பேசினே?" என்று கேட்காதீர்கள். அவளாகச் சொன்னால் கேளுங்கள், நடுவில் கணக்குச் சொல்லாமல். பாதிக் கட்டணம் தருகிறேன் என்றீர்கள். அதை அவளே தன் சம்பளத்தில் கட்ட முடியும் என்றால் அப்படி விட்டுவிடுவது நல்லது, அந்த இடம் முழுக்க அவளுடையதாகும். முடியாது என்றால் தொடர்ந்து கொடுங்கள், எப்போது முடியும் என்று மட்டும் கேட்க வேண்டாம். வரன் விஷயத்தில், மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்களும் நானும் முடிவு செய்ய முடியாது. அந்தப் பையனிடம் எப்போது, எவ்வளவு சொல்வது என்பது அவள் விருப்பம். தரகரிடம் இதைப் பற்றி எதுவும் பேசுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கல்யாணமே இப்போது வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்.